கதையில் உடுப்பை எவ்வளவு சொல்வது? போச்சம்பள்ளிச் சந்தைக் கதைக்கு உதவி தேவை

பாலக்கோட்டான் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு சிறுகதையை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். கதை நடப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். கனகா என்று ஒரு பெண், முப்பத்தெட்டு வயது, புருசன் செத்துப்போய்விட்டான், புளி விற்கிறாள். பன்னிரண்டு வருடம் பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணன் மணி பெங்களூரிலிருந்து வந்து கூட்டத்தில் அவளைத் தேடுகிறான். அவ்வளவுதான் கதை. என் வீட்டுக்காரி முதல் பத்தியிலேயே தாளைக் கீழே வைத்துவிட்டாள். "சேலை மட்டும் தனியா சந்தைக்குப் போற மாதிரி இருக்குது. அந்தப் பொம்பளை எங்கே?" என்றாள்.

பத்தி இதுதான்:

"கனகா அரக்கு நிறத்தில் மாங்காய்க் கரை போட்ட போச்சம்பள்ளிப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். அதற்குப் பொருத்தமாகப் பச்சை நிறத்தில் முழங்கை வரை நீண்ட ரவிக்கை. முந்தானையில் தங்க நிற மயில்கள். காதில் ஜிமிக்கி, கையில் ஆறு ஆறு கண்ணாடி வளையல், காலில் வெள்ளிக் கொலுசு. நெற்றியில் வட்டமான சிவப்புப் பொட்டு. அவளைத் தேடி வந்த அண்ணன் சட்டையும் பேண்ட்டும் அணிந்திருந்தான்."

உடுப்பை எழுதவே கூடாதா? எழுதாமல் விட்டால் வாசகர் கண்ணில் ஆள் எப்படி வந்து நிற்கும்? தயவுசெய்து திட்டுவதென்றாலும் விவரமாகத் திட்டுங்கள்.


ஊத்தங்கரை வாசகி | இரவு 9.32

உங்கள் வீட்டுக்காரிக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள்.

எண்ணிப் பார்த்தேன். தங்கச்சிக்கு ஐந்து வாக்கியம், அண்ணனுக்கு ஒன்று. அதிலும் "சட்டையும் பேண்ட்டும்". ஆண்கள் எழுதும் கதைகளில் இது தீராத வியாதி. பெண் உள்ளே வந்தால் உச்சந்தலையிலிருந்து கால் கொலுசு வரை கண் இறங்கும். ஆண் வந்தால் நேராகப் பேச ஆரம்பித்துவிடுவான். எனக்கோ மணியின் சட்டைதான் வேண்டும். பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கச்சியைப் பார்க்க வருகிறவன், காலையில் பெட்டியைத் திறந்து எதைப் போடுவது என்று நின்றிருக்க மாட்டானா? புதுசு போட்டால் பணத்திமிர் என்பாள். பழசு போட்டால் பெங்களூர் போயும் ஒன்றும் தேறவில்லை என்று நினைப்பாள். அந்த ஐந்து நிமிடத்தை எழுதுங்கள், அண்ணா.

இன்னொன்றும் உறுத்துகிறது. புருசன் செத்துப்போனவள் என்கிறீர்கள். அவள் கையில் கண்ணாடி வளையலும் நெற்றியில் சிவப்புப் பொட்டும் இருக்கிறது என்றால் நம் ஊரில் அது சாதாரணச் சங்கதியா? வளையல் போடக் கூடாதென்று யாராவது சொன்னார்களா, சொல்லியும் போட்டாளா, முதல் தடவை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய அன்று பக்கத்து வீட்டு அத்தை என்ன சொன்னாள்? ஒரு முழுக் கதை அந்த ஆறு வளையலுக்குள் இருக்கிறது. நீங்கள் அதை ஜிமிக்கிக்கும் கொலுசுக்கும் நடுவில் சொருகிவிட்டுப் போய்விட்டீர்கள்.


பர்கூர் ஜவுளி | இரவு 10.05

பதினெட்டு வருடமாக ஜவுளிக் கடையில் நிற்கிறவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரைக் குட்டி சூரத் என்பார்கள், தெரியும்தானே.

போச்சம்பள்ளிப் பட்டு நம் போச்சம்பள்ளியில் நெய்வது இல்லைங்க! அது தெலங்கானாவில் இருக்கும் பூதான் போச்சம்பள்ளி. 1951-ல் வினோபா பாவே பூதான இயக்கத்தை ஆரம்பித்த ஊர். அங்கே நூலை நெய்வதற்கு முன்பே அங்கங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, அப்புறம்தான் தறியில் ஏற்றுவார்கள். அதனால் டிசைனின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, லேசாகக் கலங்கித் தெரியும். நம்ம போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை புளி கிடைக்கும், ஆடு கிடைக்கும், கோழி கிடைக்கும். கடைக்கு வருகிறவர்களே இதைக் குழப்பிக்கொள்வார்கள், அதனால் வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம், புளி விற்கப் போகிறவள் பட்டு உடுத்துவாளா? பட்டு வாங்க வருகிறவர்கள் எந்த நாளுக்கு என்று சொல்லித்தான் வாங்குவார்கள். வேலைக்குக் கட்டும் சேலையை வாங்குகிறவர்கள் நிறத்தையே அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் ஓரத்தை இரண்டு விரலில் தேய்ப்பார்கள். வெளிச்சத்துக்குப் பிடித்து இழை நெருக்கம் பார்ப்பார்கள். "சாயம் போகுமா?" என்று கேட்பார்கள், போகாது என்று நாங்களும் சொல்லுவோம், அது வேறு விசயம். "அழுக்குத் தாங்குமா?" என்பது அடுத்த கேள்வி. காட்டு வேலைக்காரப் பெண்கள் வெளிர் நிறத்தைத் தொடவே மாட்டார்கள். காபிப்பொடி, அடர் பச்சை, மெரூன், பூப்போட்ட சிந்தெடிக். காலையில் துவைத்தால் மத்தியானத்துக்குள் காய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அரக்கு நிறத்தை எடுத்தாள் என்றால் அழகுக்காக எடுத்தாளா, புளிக் கறை தெரியாதென்று எடுத்தாளா? இதைச் சொன்னால் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும்.


பாலக்கோட்டான் | இரவு 10.20

போச்சம்பள்ளி விசயத்தில் என் மூக்கு அறுபட்டது. பிறந்ததிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு இது தெரியவில்லை. யாரும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.


கூத்துப் பித்தன் | இரவு 11.47

கனகாவின் பத்தி எனக்குக் கூத்தை ஞாபகப்படுத்தியது. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் துரியோதனன் நின்று பாடுவான். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் திரைக்கு மேலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். திரை விலகும்போது ஊரே நிமிர்ந்து உட்காரும். அங்கே வேசம்தான் ஆள். கிரீடத்தின் அளவைப் பார்த்தே ராஜாவா மந்திரியா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நீங்கள் கனகாவைத் திரை விலக்கி நிறுத்திவிட்டீர்கள்.

ஆனால் விடியற்காலையில், ஆட்டம் முடிந்து அதே துரியோதனன் பந்தல் காலில் சாய்ந்து, கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, அரிதாரம் வழிய டீ குடிப்பார். சிறுகதை அங்கேதான் ஆரம்பிக்கும் என்பது என் அபிப்பிராயம்.


அதியமான்கோட்டை ஐயா | திங்கள், காலை 6.15

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். காலையில் பல் துலக்கியதும் இதைத்தான் படித்தேன்.

உடுப்பை எழுதவே கூடாது என்ற பக்கம் பேச்சு சாயுமோ என்று பயந்து எழுதுகிறேன். நம் தகடூரிலேயே, அதாவது பழைய தருமபுரியிலேயே எழுதியிருக்கிறார்கள், தம்பி. புறநானூறு 392-ஆம் பாட்டு. அதியர் கோமான் எழினியின் வாசலில் ஔவையார் போய் நிற்கிறார். உடம்பில் கந்தல். அந்தக் கந்தலுக்கு ஔவை சொல்லும் உவமை, ஊரார் தண்ணீர் குடிக்கிற கேணியில் மிதக்கும் பாசியின் வேர். நைந்து, நூல் நூலாகத் தொங்குகிற துணியை அப்படியே கண்ணில் காட்டிவிடுகிறது. அதை நீக்கிவிட்டு எழினி கொடுத்ததோ மெல்லிய நூலில் நெய்த, கரை நேராக அமைந்த கலிங்கம், அதாவது ஆடை. புதுத் துணிக்கு ஒரே ஓர் அடி, அதோடு விருந்துக்குப் போய்விடுகிறார்.

பொருநராற்றுப்படையிலும் கரிகாலனைப் பார்க்கப் போன பொருநன் என்ற கூத்துக் கலைஞனின் பழந்துணி இப்படித்தான். ஈரும் பேனும் குடியிருக்க, வியர்வையில் நனைந்து, "வேற்றிழை நுழைந்த துன்னல்" போட்டது. அதாவது, கிழிந்த இடங்களையெல்லாம் வேறு வேறு நூலால் தைத்துத் தைத்து, சொந்த நூல் எது வந்த நூல் எது என்று தெரியாமல் போன துணி. இரண்டு இடத்திலும் துணி கை மாறுகிறது. மாறுவதால்தான் அதைப் பற்றிய பேச்சே வருகிறது. கனகாவின் சேலை கதையில் எங்கேயாவது மாறுகிறதா?

பாடம் நடத்திவிட்டேன், மன்னிக்கவும். பழக்கம் போகவில்லை.


காஜா பட்டன் | திங்கள், காலை 11.30

ஐயா சொன்ன வேற்று நூல் விசயம் என்னை உட்கார வைத்துவிட்டது. நான் காரிமங்கலம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். கதை எழுதத் தெரியாது. துணி வருகிற நிலைமையைப் பார்த்தே வீட்டு நிலைமை தெரியும். அதைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் உடம்பில் அளவு எடுக்க விட மாட்டார்கள், அளவு ஜாக்கெட் கொடுத்துவிடுவார்கள். அதைத் திருப்பிப் போட்டால் உள்பக்கம் ஒரு கதை. பக்கவாட்டில் துணியைக் கொஞ்சம் விட்டுத்தான் தைப்போம். ஒரு தையல் பிரித்த தடம் இருந்தால் உடம்பு பெருத்திருக்கிறது. பிரித்த இடத்தை மறுபடி உள்ளே பிடித்திருந்தால் இளைத்திருக்கிறது. போன மாதம் ஓர் அம்மா கொண்டுவந்ததில் மூன்று தடம் இருந்தது, மூன்றும் உள்ளே உள்ளே. நான் என்னம்மா உடம்புக்கு என்று கேட்கவில்லை. சரியாக அளவெடுத்துத் தந்தேன், கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடப் பாவாடையை எப்போதும் கீழே மூன்று விரல் மடித்துத்தான் தைக்கச் சொல்வார்கள். "வளர்ற புள்ள, விட்டுத் தைங்க" என்பார்கள். வருசா வருசம் ஜூன் மாதம் ஒரு மடிப்பை இறக்குவோம். இறக்கினால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். எத்தனை துவைத்தாலும் போகாது. பாவாடையின் கீழே எத்தனை கோடு என்று எண்ணினால் அந்தப் பிள்ளை எத்தனை வருசமாக அதே பாவாடையில் இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். இரண்டு கோடு வரைக்கும் பிள்ளைகள் கண்டுகொள்ளாது. மூன்றாவதைப் பையை முன்னால் பிடித்து மறைக்கும்.

ஆம்பிளைச் சட்டையில் முதலில் போவது காலர். கழுத்து உரசி நைந்துவிடும். அப்போது காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைப்போம், நைந்த பக்கம் அடியில் போய்விடும். இப்போது யாரும் கேட்பதில்லை, முன்பு தினம் இரண்டு வரும். முழங்கை கிழிந்தால் ஒட்டுப் போட அதே நிறத்தில் துணி எங்கே கிடைக்கும்? மார்புப் பையைப் பிரித்து முழங்கையில் ஒட்டிவிடுவோம். பையைப் பிரித்த இடத்தைப் பாருங்கள். வெயில் படாமல், தேய்க்கிற கல் படாமல் கடையில் எடுத்த அன்று இருந்த நிறம் அப்படியே சதுரமாக இருக்கும். சட்டை முழுக்க வெளுத்திருக்க, அந்த ஒரு சதுரம் மட்டும் புதுசு.

நான் எழுத்தாளனாக இருந்தால் சேலையின் பெயரை எழுத மாட்டேன்.


ஊத்தங்கரை வாசகி | பகல் 12.02

கதை எழுதத் தெரியாதாம்!


கூத்துப் பித்தன் | பகல் 12.10

மூன்றாவது கோட்டைப் பையால் மறைக்கிற பிள்ளையை யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் துண்டு போட்டுவிட்டேன்.


பென்னாகரம் பஸ் | பகல் 2.25

ஆண் உடுப்பு பற்றிப் பேச்சு வந்ததால் வேட்டியைப் பற்றி. வேட்டியில் நிறமில்லை, டிசைன் இல்லை, கரை மட்டும்தான். ஆனாலும் அதைப் போலப் பேசுகிற துணி வேறு இல்லை. நாலு முழமா எட்டு முழமா என்பதிலேயே பாதி விசயம் வந்துவிடும். மீதி, மடித்துக் கட்டியிருக்கிறானா இறக்கிவிட்டிருக்கிறானா என்பதில்.

சின்ன வயதில் எங்கள் தெரு டீக்கடையில் உட்கார்ந்து இதை மட்டுமே பார்த்திருக்கிறேன். மடித்துக் கட்டிய வேட்டியோடு நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெரிய வீட்டுக்காரர் மொபெட்டில் வருவார். நான்கு பேரில் இரண்டு பேர் கை தானாக வேட்டியை இறக்கிவிடும். ஒருவர் தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போகும். நான்காவது ஆள் அசைய மாட்டார். அவர் ஏன் அசையவில்லை என்பதைப் பற்றி அன்று சாயங்காலம் தெருவே பேசும். யாருடைய சாதி பெயரையும் எழுத வேண்டியதில்லை. இரண்டு கை வேட்டிக்குப் போனதும் ஒரு கை போகாததும் போதும். இப்போது எல்லோரும் பேண்ட்தான். அந்தக் கைகள் இப்போது எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிலரிடம் செல்போனைச் சட்டென்று காதிலிருந்து எடுப்பதாக மாறியிருக்கிறது.

சம்பந்தமில்லாமல் இன்னொன்று. திருப்பூர் வேலைக்குப் போய் வருகிற எங்கள் பையன்கள் கம்பெனியில் கழித்துவிட்ட டீசர்ட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். ஒகேனக்கல் ரோட்டில் மாடு மேய்க்கிற தாத்தா ஒருவர், எந்த நாட்டிலோ நடந்த மாரத்தான் ஓட்டத்தின் பெயர் போட்ட பனியனில் நிற்பார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மாடு ஓடும்.


அஞ்செட்டி நிழல் | பகல் 3.40

வேட்டி சரி. ஆனால் பாட்டிகளைப் பற்றி எழுதும்போது கவனம் வேண்டும். பின்கொசுவம் வைத்துக் கட்டி, ரவிக்கை இல்லாமல் இருந்ததை எழுதினால் வெளியூர் வாசகன் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைப்பான். அதையெல்லாம் விட்டுவிடலாம். எழுத்தாளனுக்கும் பொறுப்பு உண்டு.


ஊத்தங்கரை வாசகி | பகல் 3.51

எதை விட்டுவிடலாம்? என் பாட்டியையா?

என் பாட்டி தொண்ணூறு வயது வரை ரவிக்கை போட்டதில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு களத்து மேட்டில் நாற்பது ஆட்களை வேலை வாங்கியவள். என் அண்ணன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறார்கள், சம்பந்தி வீட்டார் டவுன்காரர்கள் என்று சொல்லி ஒரு நாள் மட்டும் வெள்ளை ரவிக்கை போட்டுவிட்டோம். அன்று முழுக்கப் பாட்டி கையைத் தூக்கவே இல்லை. சாப்பிடும்போதுகூடக் குனிந்து குனிந்து சாப்பிட்டாள். ஆல்பத்தில் எல்லோருக்கும் நடுவில் யாரோ கட்டிப்போட்ட மாதிரி நிற்கிறாள். வெட்கப்பட வேண்டியது எது? அந்த ஒரு நாள் அவளுக்கு நாங்கள் செய்ததுதான்.


அஞ்செட்டி நிழல் | பகல் 4.15

நான் உங்கள் பாட்டியைச் சொல்லவில்லை, அக்கா. எழுதுகிறவன் கண் எப்படிப்பட்டது என்பதைத்தான் சொன்னேன். சிலர் அதை எழுதுகிற விதம் வேறு மாதிரி இருக்கும். உங்களுக்கே தெரியும்.


ஊத்தங்கரை வாசகி | பகல் 4.22

அது வாஸ்தவம். அந்தக் கண்ணோடு எழுதினால் ஒன்பது கெஜம் சுற்றினாலும் அப்படித்தான் இருக்கும். கோபமாகப் பேசிவிட்டேன், தம்பி.


அதியமான்கோட்டை ஐயா | மாலை 5.05

ஒரு சின்னச் சொல் ஆராய்ச்சி. ரவிக்கை என்று பாட்டி சொல்வாள், ஜாக்கெட் என்று அம்மா சொல்வாள், பிளவுஸ் என்று மகள் சொல்வாள். தைத்து வந்தது ஒரே பொருள். யார் கண் வழியாகக் கதை போகிறதோ அவர் சொல் வர வேண்டும். பாலக்கோட்டான் தம்பி, மணியின் கண்ணில் கதை நடக்கிறதென்றால் பெங்களூரில் பெயின்ட் வேலை செய்கிறவனோ மேஸ்திரியோ "முழங்கை வரை நீண்ட ரவிக்கை" என்று மனத்துக்குள் சொல்வானா?

நிற்க. சேலை என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் பொடவைதான்.


பர்கூர் ஜவுளி | மாலை 5.20

பாலக்கோடு பக்கம் சீலைங்க ஐயா. பில்லில் "சாரி" என்று போடுகிறோம். சண்டையே வேண்டாம்.


ஷிப்டு பஸ் | இரவு 10.55

இப்போதுதான் ஓசூரில் வேலை முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தேன். அரூர் பக்கம் என் ஊர். எல்லோரும் ஆளுக்கு ஆள் வித்தியாசமான உடுப்பைப் பேசுகிறீர்கள். நாங்கள் அத்தனை பேரும் ஒரே கோட்டு, ஒரே தொப்பி. வளையல், மோதிரம், ஊக்கு எதுவும் உள்ளே கொண்டுபோக முடியாது. நான் எங்கள் லைனைப் பற்றி ஒரு கதை எழுத நினைத்து, எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே, எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று விட்டுவிட்டேன்.

காஜா பட்டன் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு இன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாக்ஸ் தெரிகிறது. ஒருத்தி இரண்டு காலுக்கும் வேறு வேறு நிறம் போடுகிறாள், தெரிந்தே. கல்யாணமான அக்காக்கள் சங்கிலியைப் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு வருகிறார்கள். அந்தக் கயிறு புதுசா பழசா என்று கழுத்துப் பக்கம் தெரியும். மார்கழியில் காலை ஷிப்டுக்கு பஸ்ஸில் வரும்போது எல்லோரும் ஸ்வெட்டரில் இருப்பார்கள். அப்போதுதான் யாருக்கு வீட்டில் பின்னிக்கொடுக்க ஆள் இருக்கிறது, யார் ரோட்டோரம் வாங்கியது, யார் துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு குளிரவில்லை என்கிறாள் என்று தெரியும். பத்து நிமிடத்தில் கேட்டுக்குள் போனதும் எல்லோரும் மறுபடி ஒன்றாகிவிடுவோம்.


காஜா பட்டன் | இரவு 11.10

எழுதும்மா. அந்த பஸ்ஸில் ஆரம்பி.


சித்தேரி மேகம் | செவ்வாய், காலை 8.40

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கதையில் மலை வந்ததும் "வண்ண வண்ண உடையணிந்த மலைவாழ் பெண்கள்" என்று ஒரு வரி கட்டாயம் வந்துவிடுகிறது. சித்தேரியில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள், கீழே உள்ளவர்களைப் போலவே. சிட்டிலிங்கியில் லம்பாடிகள் இருக்கிறார்கள். கண்ணாடி பதித்து எம்பிராய்டரி செய்த பாவாடையெல்லாம் பாட்டிகளின் பெட்டிக்குள் போய் ரொம்ப நாளாகிவிட்டது. பேத்திகளுக்கு அந்தத் தையலே தெரியாமல் போனது. அப்புறம் போர்கை என்ற பெயரில் பெண்கள் சேர்ந்து, வயதானவர்களிடம் கேட்டு மறுபடி கற்றுக்கொண்டு, இப்போது பைகளிலும் துணிகளிலும் தைத்து விற்கிறார்கள். அந்த எம்பிராய்டரியைத் தைக்கிற பெண் அநேகமாகச் சுடிதாரிலோ நைட்டியிலோ உட்கார்ந்துதான் தைக்கிறாள். எழுதினால் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.


பர்கூர் ஜவுளி | காலை 9.30

சட்டையைப் பற்றிச் சொன்னீர்களே, அதுவே கனகாவுக்கும் பொருந்தும். மாங்காய் சீசனில் தோப்புக்குப் போகிற பெண்களும் அப்படித்தான். காம்பு ஒடியும்போது பால் தெறித்தால் தோல் புண்ணாகும், துணியில் பட்டால் கறுப்புக் கறை நின்றுவிடும். அதனால் வீட்டில் இருக்கும் பழைய முழுக்கைச் சட்டைதான். எங்களிடம் யாரும் அதற்கென்று சட்டை வாங்கியதே கிடையாது. எப்போதும் யாரோ ஒருவருடையதுதான்.


பாலக்கோட்டான் | செவ்வாய், இரவு 11.58

"எப்போதும் யாரோ ஒருவருடையதுதான்" என்பதைப் படித்ததும் மத்தியானம் வேலை ஓடவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியது கீழே இருக்கிறது. காஜா பட்டன் அண்ணனுடைய சதுரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். வளையலை இதில் தொடவில்லை. அதற்குத் தனியாக ஒரு பக்கம் தேவைப்படும் போலிருக்கிறது.

"புளி மூட்டைக்குப் பின்னால் யாரோ ஓர் ஆள் குனிந்து தராசைச் சரிசெய்வதாகத்தான் மணி முதலில் நினைத்தான். முழுக்கைச் சட்டை. கை விரல் வரை இறங்கியிருந்தது. நிமிர்ந்தபோது சட்டைக்குக் கீழே சேலை தெரிந்தது. சட்டை வெளுத்து, இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் இருந்தது. இடது மார்பில் மட்டும், பை பிரித்த இடத்தில், உள்ளங்கை அளவு ஆகாய நீலம். அந்த நீலத்தை அவனுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கென்று தருமபுரிக் கடையில் எல்லாக் கட்டையும் பிரிக்க வைத்து அவன்தான் எடுத்தான். பிரித்த பை வலது முழங்கையில் ஒட்டாக இருந்தது. காலரைத் திருப்பித் தைத்திருந்தாள். மணி கையில் இருந்த சேலைப் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். 'எத்தனை கிலோ?' என்றாள் கனகா, முகத்தைப் பார்க்காமல்."


ஊத்தங்கரை வாசகி | புதன், காலை 6.50

பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது போதும் எனக்கு. அவன் என்ன போட்டிருக்கிறான் என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் இப்போது கேட்கத் தோன்றவில்லை. அது சரி, சேலைப் பையில் என்ன நிறம்?


பாலக்கோட்டான் | காலை 7.05

வெளிர் மஞ்சள். அழுக்குத் தாங்காதது.


பர்கூர் ஜவுளி | காலை 7.20

அண்ணன்மார்கள் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள்.


காஜா பட்டன் | காலை 9.45

தம்பி, படித்தேன். கடையைத் திறக்காமல் இன்னொரு தடவையும் படித்தேன். ஒரே ஒரு குறை. பையைப் பிரித்து முழங்கையில் ஒட்டினால், அந்த ஒட்டும் சட்டையோடு சேர்ந்து வெளுத்த நிறத்தில்தான் இருக்கும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஒட்டு தெரியாது. தையல்தான் தெரியும், அதுவும் நூல் நிறம் மாறியிருந்தால். அவளே கையால் தைத்திருந்தால் கறுப்பு நூலாகத்தான் இருக்கும், வீட்டில் எப்போதும் இருப்பது அதுதான்.


அதியமான்கோட்டை ஐயா | காலை 10.02

வேற்றிழை!


பாலக்கோட்டான் | இரவு 8.30

கறுப்பு நூலாக மாற்றிவிட்டேன். வீட்டுக்காரியிடம் மறுபடி கொடுத்தேன். தாளைக் கீழே வைக்காமல் கடைசி வரை படித்தாள். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கொட்டை எடுத்த புளியா, எடுக்காததா? அதை எழுதவே இல்லையே, விலையே அதில்தானே இருக்குது" என்றாள்.